கார்டில் எழுதிக் கொடுக்கும் வாக்கு

வணக்கம் மக்களே. இன்றைக்குக் காரில் உட்கார்ந்துதான் பேசுகிறேன். பின்னால் மைதான விளக்கு தெரிகிறதா? பையனுக்குப் பயிற்சி முடிய இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு சேர்ந்ததும் ஃபுட்பால் ஆடியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். நம் ஊர்க் கால்பந்து இல்லை. ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு முட்டி மோதுகிற அமெரிக்க ஃபுட்பால்.

போன வாரம் பெற்றோர் கூட்டம். ஒருவர் எழுந்து ஹெட் கோச்சிடம், "போன வருஷம் எத்தனை ஆட்டம் ஜெயித்தீர்கள்?" என்று கேட்டார். எனக்கும் அதைக் கேட்கத்தான் வாய் துறுதுறுத்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான், கேட்க வேண்டியது வேறு என்று பட்டது. அதைத்தான் பேசப் போகிறேன்.

நாங்கள் இருக்கும் வடக்கு கலிஃபோர்னியாவில் பள்ளிக்கூட ஃபுட்பால் கோச் என்று பேச்செடுத்தால் முதலில் வருகிற பெயர் பாப் லடூசர். கான்கார்டில் டி லா சால் என்று ஒரு கத்தோலிக்க ஆண்கள் பள்ளி. 1979இல் அவர் அங்கே ஹெட் கோச்சாக வருவதற்கு முன்னால், தோல்வியைவிட வெற்றி கூடுதலாக ஒரு ஆட்டப் பருவத்தைக்கூட, அதாவது ஒரு வருஷத்து ஆட்டங்களைக்கூட, அந்தப் பள்ளி முடித்ததில்லை. 2012 பருவத்தோடு அவர் விலகியபோது 399 வெற்றி, 25 தோல்வி, 3 டிரா. நடுவில் 1992 முதல் 2003 வரை, தொடர்ச்சியாக 151 வெற்றி. அதாவது, முதல் வெற்றி வந்தபோது தொட்டிலில் கிடந்த பிள்ளை, கடைசி வெற்றியின்போது ஆறாம் வகுப்பு.

சரி, எப்படி? சத்தம் போட்டா? இல்லை. அதிகம் பேசாத மனிதர். அதே பள்ளியில் சமய வகுப்பு எடுத்த ஆசிரியர். அவர் வழியில் என்னை உலுக்கியது ஒரு சின்ன அட்டை. கமிட்மென்ட் கார்டு என்பார்கள். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு பையனும் தன் கையால் அதில் எழுத வேண்டும்: உடற்பயிற்சியில் என்ன செய்வேன், மைதானப் பயிற்சியில் எதைத் திருத்துவேன், ஆட்டத்தில் எதைச் செய்து காட்டுவேன். எழுதியதை அணி முன்னால் வாசித்து, கோச்சிடம் இல்லை, சக ஆட்டக்காரன் ஒருவன் கையில் கொடுக்க வேண்டும். சொன்னதைச் செய்தானா இல்லையா என்று கேட்கிற பொறுப்பு அந்த நண்பனுடையது.

யோசித்துப் பாருங்கள். பதினாறு வயசுப் பையன் அப்பாவிடம் பொய் சொல்வான், கோச்சிடமும் சொல்வான். பக்கத்தில் நின்று மூச்சு வாங்க ஓடுகிற நண்பன் கண்ணைப் பார்த்துச் சொல்வது கஷ்டம். கோச்சுக்குப் பயந்து ஓடுகிற அணி, கோச் திரும்பிக்கொண்டால் நின்றுவிடும். நண்பனுக்காக ஓடுகிற அணி நிற்காது. மைதானத்துக்குள் வரும்போது அந்தப் பையன்கள் கைகோத்து நடந்து வருவார்கள். இவ்வளவு முரட்டு ஆட்டத்துக்கு அப்படி வருவதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

அவர் தேர்ந்தெடுத்த ஆட்ட முறையும் இதோடு ஒட்டியதுதான். வீர் என்று பெயர். பந்தை முதலில் கையில் வாங்கி ஆட்டத்தை நடத்துகிறவன் குவார்ட்டர்பேக். அவன் பந்தை ஓட்டக்காரன் வயிற்றருகே வைப்பான், முழுசாக விடமாட்டான். எதிரணியில் ஒருவனை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விட்டிருப்பார்கள். அவன் ஓட்டக்காரன் மேல் பாய்ந்தால் பந்தை உருவிக்கொண்டு குவார்ட்டர்பேக்கே ஓடுவான். குவார்ட்டர்பேக் மேல் பாய்ந்தால் பந்து ஓட்டக்காரனிடம். இன்னொருவன் வெளிப்பக்கம் கூடவே ஓடி வருவான், தேவைப்பட்டால் அவனுக்குத் தட்டிவிடலாம். எல்லாம் கண் இமைக்கிற நேரத்தில். முன்வரிசை ஒரே மூச்சில் கிளம்பாவிட்டால் மொத்தமும் சொதப்பிவிடும். அதனால்தான் தங்களைவிடப் பெரிய உடம்புக்காரர்களையும் இவர்களால் தள்ள முடிந்தது. 2001இல் நாட்டிலேயே முதலிடம், இரண்டாமிடம் என்று கணிக்கப்பட்ட அணிகள் மோதின. டி லா சாலும் லாங் பீச் பாலி என்ற பள்ளியும். 29-15 என்று டி லா சால் ஜெயித்தது. நாலு டச்டவுன், அதாவது எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது, போட்டவர் மாரிஸ் ட்ரூ, ரொம்பக் குள்ளமான ஆள். பிறகு அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீகான என்எஃப்எல் வரை போய், 2011இல் அந்த லீகிலேயே அதிக தூரம் பந்தோடு ஓடியவர் ஆனார்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். தனியார் பள்ளி என்பதால் எந்த ஊர்ப் பையனும் அங்கே சேரலாம். அரசுப் பள்ளிக்கு அந்த வசதி இல்லை. சுற்றுவட்டாரப் பள்ளிகளின் இந்த மனக்குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் நல்ல ஆள் கிடைத்தால் மட்டும் 151 வராது.

அப்புறம் 2004. ஆகஸ்ட் மாதம், அந்த அணியில் ஆடி முடித்துக் கல்லூரிக்குக் கிளம்ப இருந்த 18 வயசுப் பையன் ஒருவன் ரிச்மண்டில் சுட்டுக் கொல்லப்பட்டான். அணியில் எல்லோருக்கும் அண்ணன் மாதிரி. அடுத்த மாதம் 4ஆம் தேதி, சியாட்டிலில் பெல்வியூ பள்ளியிடம் 39-20 என்று தோற்றார்கள். 1991க்குப் பிறகு முதல் தோல்வி. அந்தக் கோச்சின் மதிப்பு எனக்குத் தெரிவது இங்கேதான். தொடர் அறுந்ததும் அணி சிதறவில்லை. அவர் இன்னும் எட்டு வருஷம் அதே கார்டு, அதே பயிற்சி என்று அங்கேயே இருந்தார். வெற்றிக்காக மட்டும் கட்டிய அணியாக இருந்தால் அந்த ராத்திரியோடு கதை முடிந்திருக்கும்.

இன்னொன்று. பெற்றோராக இது எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிசு. கலிஃபோர்னியாவில் 2015 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. பருவ காலத்தில் முழு மோதல் பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாள்தான், நாளுக்கு 90 நிமிஷத்துக்கு மேல் கூடாது. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று மருத்துவர் உறுதி செய்தால், படிப்படியாகத்தான் திரும்ப வர வேண்டும், குறைந்தது ஏழு நாள். நல்ல கோச் இதை எரிச்சலோடு பார்க்கமாட்டார். பையன் "எனக்கு ஒன்றுமில்லை கோச்" என்று கெஞ்சினாலும், ஸ்கோர் எப்படி இருந்தாலும், உட்கார வைப்பார். ஆகஸ்ட் வெயிலில் பையன் சுருண்டு விழுந்தால், ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட கையோடு ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்க வேண்டும். முதலில் உடம்புச் சூடு குறைய வேண்டும், ஆஸ்பத்திரிப் பயணம் அதற்கு அடுத்துத்தான். தொட்டி தயாராக இல்லாத மைதானத்தில் எத்தனை கோப்பை இருந்தும் என் பிள்ளையை விடமாட்டேன்.

அதோ, பையன்கள் வெளியே வருகிறார்கள். கோச்சும் கூடவே வருகிறார். இரண்டு கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் பையன்கள் ஒருவருக்கொருவர் என்ன வாக்குக் கொடுத்துக்கொள்கிறார்கள்? தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது? போய்க் கேட்டுவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று அடுத்த வீடியோவில் சொல்கிறேன்.