ஏ4 தாளில் ஒரு குட்டி நோட்டு, அதற்கு ஒரு பெட்டி

(மேசை மேல் ஏ4 தாள்கள், ஸ்கேல், ஊசி நூல், கத்தி)

கோடை விடுமுறை விட்டதும், பழைய நோட்டுகளில் எழுதாமல் மிச்சமிருக்கும் தாள்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டிங் கடையில் கொடுப்போம், ஞாபகம் இருக்கிறதா? ரஃப் நோட்டாகத் திரும்பி வரும். இன்று அதைவிடச் சின்னதாக ஒரு நோட்டை நாமே தைக்கலாம்.

கத்தியை எடுப்பதற்கு முன்னால் ஒரு விஷயம். காகிதத்துக்கு இழை உண்டு. ஆலையில் கூழைச் சுமந்துகொண்டு வலை ஓடும்போது, நார்களில் பெரும்பாலானவை அது ஓடும் திசையிலேயே படுத்துவிடும். ஒரு செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழியுங்கள், நேராக வரும். குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாக ஓடும்.

ஏ4 தாளில் இழை பெரும்பாலும் நீளவாக்கில், அதாவது 297 மி.மீ. பக்கமாக ஓடும். நாம் என்ன செய்வோம்? தாளை அப்படியே நடுவில் மடிப்போம். மடிப்பு இழைக்குக் குறுக்கே விழும். நோட்டு வாயைப் பிளந்துகொண்டே கிடக்கும். என் முதல் நோட்டு அப்படித்தான். இரண்டு நாள் அகராதியைத் தூக்கி வைத்தும் மசியவில்லை.

சரி, வழி என்ன? தாளை முதலில் குறுக்கே வெட்டி இரண்டாக்குங்கள். பிறகு ஒவ்வொரு பாதியிலும் 210 மி.மீ. பக்கத்தைப் பாதியாக மடியுங்கள். இப்போது மடிப்பும் இழையும் ஒரே திசை. 105க்கு 148 மி.மீ. நோட்டு கிடைக்கும். சட்டைப்பையில் கொஞ்சம் தலை நீட்டி நிற்கும், பரவாயில்லை.

நான்கு ஏ4 தாள் போதும். எட்டுப் பாதிகள், 32 பக்கங்கள். ஒன்றுக்குள் ஒன்று செருகி, வெளியே கெட்டித் தாளில் ஒரு மேலுறை. அதன் இழை எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் இரண்டு விதமாகவும் லேசாக வளைத்துப் பாருங்கள். முரண்டு பிடிக்காமல் எப்படி வளைகிறதோ, அப்படியே மடியுங்கள்.

(ஊசி நெருக்கத்தில்)

மடிப்பில் மூன்று துளை: நடுவில் ஒன்று, இரு முனைகளிலிருந்தும் 2 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. நூல் 45 செ.மீ. எடுத்து மெழுகுவத்தியில் ஒரு இழுப்பு இழுங்கள், சிக்கு விழாது. உள்ளேயிருந்து நடுத்துளை வழியாக வெளியே. மேல்துளையில் உள்ளே. நடுவைத் தாண்டி நேராகக் கீழ்த்துளைக்குப் போய் வெளியே. மறுபடி நடுத்துளையில் உள்ளே. இரண்டு முனைகளும் அந்த நீளத் தையலின் இருபுறமும் இருக்க வேண்டும். தையலை நடுவில் பிடித்துக்கொண்டு முடிச்சுப் போடுங்கள். நூலை மடிப்பின் போக்கிலேயே இழுங்கள்; செங்குத்தாக இழுத்தால் தாள் கிழிந்துவிடும்.

அப்புறம் பெட்டி. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) அட்டையில் 160க்கு 204 மி.மீ. வெட்டி, நான்கு ஓரத்திலிருந்தும் 25 மி.மீ. தள்ளிக் கோடு அழுத்துங்கள். இதற்கு மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை மிஞ்சிய கருவி இல்லை. மூலைச் சதுரம் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கோட்டை மட்டும் வெட்டினால் காது மாதிரி ஒரு துண்டு நிற்கும். அதை உள்பக்கம் மடித்து ஒட்டுங்கள். மைதாப் பசையோ ஃபெவிகாலோ, மெல்லிசாகத் தடவினால் போதும். ஈரம் கூடினால் அட்டை வளையும். பைண்டர்கள் பூச்சி வராமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், வீட்டில் வேண்டாம்.

மூடிக்கு 152க்கு 196, ஓரம் 20 மி.மீ. அடிப்பகுதியைவிட நீளத்திலும் அகலத்திலும் 2 மி.மீ. கூடுதலாக வரும்.

இப்போது நோட்டை உள்ளே வைத்து மூடி, மூடியை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். பெட்டி காற்றை விட்டபடி மெதுவாக இறங்கினால் அளவு சரி. தொப்பென்று விழுந்தால், அடுத்த மூடியில் ஒரு மி.மீ. குறையுங்கள்.