போகும் வழியைக் கேட்டுவிட்டு உள்ளே விடுங்கள்

வணக்கம் நேயர்களே. நான் கோயம்புத்தூரில் ஐந்து பேர் கொண்ட ஒரு சின்னக் குழுவை வைத்துக்கொண்டு மொபைல் ஆப் செய்து கொடுக்கிறேன். எங்களிடம் வருகிறவர்கள் மளிகைக் கடைக்காரர், டியூஷன் சென்டர் நடத்துகிறவர், வீடு வீடாகப் பால் போடுகிறவர், இப்படிப்பட்டவர்கள்தான். புதிதாக ஆப் செய்ய வருகிற பிள்ளைகள் எந்த மொழியில் எழுதலாம் என்று நிறையக் கேட்கிறார்கள். ஆப்புக்குள் யார் யாரையெல்லாம் சேர்த்துக்கொள்ளலாம் என்று கேட்பவர்கள் குறைவு. அதைத்தான் இன்றைக்குப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

ஒரு பால் விநியோக ஆப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைய ஓடிபி வருகிறதே, அது ஒரு எஸ்எம்எஸ் கம்பெனியின் வேலை. வரைபடம் இன்னொருவருடையது, பணம் கட்டும் பக்கம் ஒரு பேமென்ட் கேட்வே, "பால் வந்துவிட்டது" என்று திரையின் மேலே வந்து விழுகிற நோட்டிஃபிகேஷன் வேறொருவருடையது, ஆப் திடீரென்று மூடிக்கொண்டால் எங்களுக்குத் தகவல் சொல்கிற கிராஷ் ரிப்போர்ட் மற்றொருவருடையது. இத்தனையையும் சேர்த்துத் தைத்து நாங்கள் ஒரு பெயர் வைத்துக் கொடுக்கிறோம். பால் வாங்குகிற அம்மாவுக்குத் தெரிந்தது அந்த ஒரு பெயர்தான். ஓடிபி வரவில்லையென்றால் அவர் எஸ்எம்எஸ் கம்பெனியைத் திட்டமாட்டார், பால்காரரைத்தான் கூப்பிடுவார், பால்காரர் எங்களைக் கூப்பிடுவார்.

2020-ம் ஆண்டு ஜூலை 10-ம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். ஐபோனில் ஸ்பாட்டிஃபை, பின்ட்ரெஸ்ட், டிக்டாக், டிண்டர் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஆப்கள் ஒரே நேரத்தில் திறந்தவுடன் மூடிக்கொண்டன. அத்தனைக்குள்ளும் ஃபேஸ்புக்கின் எஸ்டிகே இருந்தது, அதாவது ஃபேஸ்புக் கணக்கு வழியாக உள்ளே நுழைவதற்கென்று அவர்கள் கொடுக்கிற தயார் நிரல் தொகுப்பு. ஆப் திறக்கும்போதே அது தன் சர்வரிடம் பேசும். சர்வர் பக்கம் செய்த ஒரு மாற்றம் பிசகிப்போக, எஸ்டிகே விழுந்தது, அதோடு சேர்ந்து ஆப்பும் விழுந்தது. ஃபேஸ்புக் கணக்கே இல்லாதவர்களுக்கும் இதே கதி. அந்த ஆப்களை எழுதியவர்கள் அன்றைக்கு ஒரு வரியைக்கூட மாற்றியிருக்கவில்லை. அதே வருடம் மே மாதத்திலும் இதேபோல ஒரு முறை நடந்திருந்தது. இதை நான் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வதற்குக் காரணம், எஸ்டிகே என்றால் எங்கோ தூரத்தில் இருக்கிற கருவி என்று அவர்கள் நினைக்கிறார்கள், உண்மையில் அது உங்கள் ஆப்புக்குள்ளேயே, உங்கள் ஆப்புக்கு இருக்கிற அதே உரிமைகளோடு ஓடுகிற நிரல்.

எங்களுக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளரின் ஆப்பில், வாங்குகிறவர்களும் கடைக்காரரும் செய்தி அனுப்பிக்கொள்ள ஒரு சாட் சேவையைச் சேர்த்தோம். பெயர் வேண்டாம். இலவசத் திட்டமே போதுமானதாக இருந்தது, நன்றாகவும் ஓடியது. ஒரு திங்கட்கிழமை காலை கடைக்காரர் போன் செய்தார், "ஏனுங்க, வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரு ஆர்டர்கூட மெசேஜில் வரவில்லையே" என்று. பார்த்தால் அந்தச் சேவையையே மூடிவிட்டார்கள். முன்னறிவிப்பு மின்னஞ்சல் மூன்று முறை அனுப்பியிருக்கிறார்கள், எல்லாம் அந்தக் கணக்கைத் திறந்த எங்கள் பையனின் சொந்த மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. அவர் அதற்கு எட்டு மாதம் முன்பே வேறு வேலைக்குப் போய்விட்டார். தகவல்களை இறக்கிக்கொள்ளக் கொடுத்த கெடுவும் முடிந்திருந்தது. ஒன்றரை வருட உரையாடல், அதில் யாருக்கு எவ்வளவு கடன் என்று கடைக்காரர் எழுதி வைத்திருந்ததும் சேர்ந்து போனது. அதை நாங்கள் திருப்பிக் கொடுக்கவே முடியவில்லை.

அன்றிலிருந்து எந்தச் சேவையை எடுத்தாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: நாளைக்கு இதை விட்டுப் போக வேண்டுமென்றால் எப்படிப் போவேன்? என்னென்ன வசதி இருக்கிறது, எவ்வளவு வேகம், எத்தனை நட்சத்திரம், இதெல்லாம் அப்புறம்தான்.

பெரிய கம்பெனி என்றால் இந்தக் கவலை வேண்டாம் என்று நினைக்காதீர்கள். பார்ஸ் என்று ஒன்று இருந்தது, ஆப்புக்கான சர்வர் வேலை முழுவதையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். 2013-ல் ஃபேஸ்புக் அதை வாங்கியது, இனி பயமில்லை என்று ஏராளமானோர் சேர்ந்தார்கள். 2016 ஜனவரியில் மூடப்போவதாக அறிவித்து, 2017 ஜனவரி இறுதியில் மூடிவிட்டார்கள். ஆனால் அவர்கள் ஒரு நல்ல காரியமும் செய்தார்கள், ஒரு வருட அவகாசம் கொடுத்து, சர்வரின் நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்த மூலமாக வெளியிட்டு, தகவலை எடுத்துப்போகக் கருவியும் கொடுத்தார்கள். அதனால்தான் பலர் தப்பித்தார்கள். ஆப்பைச் சோதித்து விநியோகிக்க உதவிய ஆப் சென்டரின் பெரும்பாலான சேவைகளை மைக்ரோசாஃப்ட் 2025 மார்ச் 31-ல் நிறுத்தியது. கூகுள், ஆப் செய்கிறவர்களுக்காக வைத்திருக்கும் தன் ஃபயர்பேஸ் தொகுப்பிலிருந்த டைனமிக் லிங்க்ஸ் சேவையை 2025 ஆகஸ்ட் 25-ல் நிறுத்தியது.

இந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். டைனமிக் லிங்க் என்பது ஒரு சின்ன இணைப்பு. அதைத் தொட்டால் ஆப் இருந்தால் ஆப் திறக்கும், இல்லாவிட்டால் ஆப்பை இறக்கும் பக்கத்துக்குப் போகும். இலவசம் என்பதால் கியூஆர் கோடாக மாற்றி கடைக் கண்ணாடியில் ஒட்டுவது, விசிட்டிங் கார்டில் அச்சடிப்பது, பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் போடுவது என்று செய்யத் தோன்றும். சேவை நின்ற அன்று ஆப்பில் இருப்பதைத் திருத்திவிடலாம், அச்சடித்ததை என்ன செய்வது? அதே கியூஆர் கோடில் கடையின் சொந்த டொமைன் முகவரி இருந்தால், அந்த முகவரி எங்கே போக வேண்டும் என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே மாற்றிவிடலாம். ஒரு டொமைனுக்கு வருடத்துக்குச் சில நூறு ரூபாயோ ஆயிரம் ரூபாயோ ஆகும், அவ்வளவுதான். வெளியே அச்சாகிப் போகிற எதுவும் உங்கள் பெயரில் இருக்கட்டும் என்று நான் வாடிக்கையாளர்களிடம் பிடிவாதமாகவே சொல்கிறேன்.

சரி, இலவசம் பற்றிப் பேசுவோம். ஃபயர்பேஸின் ஃபயர்ஸ்டோர் என்ற தகவல் தளத்தில் ஒரு நாளைக்கு 50,000 முறை படிப்பது இலவசம். கேட்கும்போது கடல்போலத் தெரிகிறது. ஆனால் அங்கே கணக்கு ஆவணத்துக்கு ஆவணம், ஒரு சாமானின் விவரம் ஒரு ஆவணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் 200 சாமான் இருக்கிறது, ஆப்பைத் திறந்ததும் முழுப் பட்டியலும் வருகிற மாதிரி எழுதிவிட்டீர்கள் என்றால் ஒருவர் ஒருமுறை திறந்தாலே 200 படிப்பு. 250 பேர் ஒரு தடவை திறந்தால் அன்றைய இலவசம் தீர்ந்தது. தீபாவளிக்கு முந்தைய நாள் அதே 250 பேர் நாலு தடவை திறப்பார்கள். ஆகவே எந்தச் சேவையின் விலைப் பக்கத்தைப் பார்த்தாலும், பக்கத்தில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு உங்கள் ஆப்பில் ஒருவர் ஒரு நாளில் என்னென்ன செய்வார் என்று எழுதி, 100 பேருக்கு, 1,000 பேருக்கு, 10,000 பேருக்கு என்று பெருக்கிப் பாருங்கள். பத்து நிமிட வேலை, பல மாத பில் அதில் தெரிந்துவிடும்.

போட்ட கணக்கே ஒருநாள் மாறவும் செய்யும். கூகுள் மேப்ஸ் 2018-ல் விலையை மாற்றியபோது, இணையதளங்களில் ஒரு நாளைக்கு 25,000 முறை இலவசமாகக் காட்ட முடிந்த வரைபடம், மாதத்துக்குச் சுமார் 28,000 முறை என்று சுருங்கியது. ஆப்புக்குள் வெறும் வரைபடம் காட்டுவதற்கு அப்போது கட்டணம் வரவில்லை, இடம் தேடுவதும் வழி போடுவதும் முகவரியை இடமாக மாற்றுவதும்தான் பில்லை ஏற்றின. பிறகு 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு மட்டும் விலையை நன்றாகக் குறைத்தார்கள். விலையை ஏற்றுவதும் இறக்குவதும் அவர்கள் கையில் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது, ஒருமுறை தேடிய வீட்டு முகவரிக்கு மறுபடி மறுபடித் தேடாமல் இருப்பதும், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற இன்னொரு வரைபடத்துக்கு மாற இடம் வைத்து எழுதுவதும்தான்.

அந்த இடம் வைப்பதை எப்படிச் செய்வது? எங்கள் குழுவில் இப்போது ஆப்பின் திரைகள் வெளியார் சேவை எதையும் நேரடியாகக் கூப்பிடாது. நடுவில் நாங்களே எழுதிய ஒரு கோப்பு நிற்கும். திரை அந்தக் கோப்பிடம் "செய்தி அனுப்பு" என்று சொல்லும், யார் மூலம் அனுப்புவது என்பது கோப்புக்கு மட்டும் தெரியும். மூடிப்போன அந்த சாட் சேவையை நாங்கள் 31 இடங்களில் நேரடியாகக் கூப்பிட்டிருந்தோம், பிடுங்கி எடுக்க மூன்று வாரம் ஆனது. போன வருடம் நோட்டிஃபிகேஷன் சேவையை மாற்றினோம், ஒரே கோப்பு, இரண்டு நாள். லைப்ரரி என்றால் அடுத்தவர் எழுதி வைத்த தயார் நிரல், தேதியை அழகாக எழுதிக் காட்டுகிற குட்டி லைப்ரரிக்கெல்லாம் இந்த ஏற்பாடு வேண்டாம், தகவல் எங்கே தங்குகிறதோ, பணம் எங்கே போகிறதோ, அங்கே கட்டாயம் வேண்டும்.

பணம் என்றதும் சிலர் கேட்வேக்கு ஏன் கமிஷன் கொடுக்க வேண்டும், நாமே எழுதிக்கொள்ளலாமே என்கிறார்கள். வேண்டாம். 2022 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி வியாபாரிகள் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கவே கூடாது. கடவுச்சொல் பாதுகாப்பு, பணப் பரிமாற்றம், இவற்றையெல்லாம் தெரிந்தவர்களிடம் விடுங்கள். எந்த கேட்வே என்று முடிவு செய்யும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அவர்களின் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டு, "பணம் எடுத்துவிட்டது, ஆர்டர் பதிவாகவில்லை, என்ன செய்ய" என்று கேட்டுப் பாருங்கள். நான் இரண்டு பேரை அப்படித்தான் ஒதுக்கினேன்.

இன்னொன்று, தகவலுக்குப் பொறுப்பு யார் என்பது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உங்கள் சார்பில் வேறொருவர் தகவலைக் கையாண்டாலும் பொறுப்பு உங்களுடையதுதான் என்கிறது. போதிய பாதுகாப்பு செய்யாமல் விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஒரு விளம்பர எஸ்டிகே தொடர்புப் பட்டியலையோ இருப்பிடத்தையோ கேட்டால், பால் போடுகிற ஆப்புக்கு அது எதற்கு என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். ஆப்பிளும் 2024 மே 1 முதல், அதிகம் புழங்குகிற எஸ்டிகேக்கள் என்னென்ன தகவலை எடுக்கின்றன என்ற அறிக்கையை உள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

கைவிடப்பட்ட லைப்ரரி தருகிற தொல்லை தனி. 2025 நவம்பர் 1 முதல், ஆண்ட்ராய்டு 15-க்கும் அதற்கு மேலும் குறிவைத்து வருகிற ஆப்கள் 16 கேபி நினைவகப் பக்க அளவில், அதாவது நினைவகத்தை 16 கேபி துண்டுகளாகக் கையாளும் போன்களிலும், ஓட வேண்டும் என்று கூகுள் பிளே விதி கொண்டுவந்தது. சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளில் எழுதிய பகுதி உள்ளே இருக்கிற லைப்ரரிகளை மறுபடி தொகுக்க வேண்டும். உங்கள் நிரலை நீங்கள் சரிசெய்துவிடலாம், அடுத்தவர் தொகுத்துக் கொடுத்த லைப்ரரியை அவர்தான் செய்ய வேண்டும். அவர் இரண்டு வருடமாக அந்தப் பக்கமே வரவில்லையென்றால்? எடுப்பதற்கு முன்பே கடைசிப் பதிப்பு எப்போது வந்தது, கேள்வி கேட்டவர்களுக்குப் பதில் கிடைத்திருக்கிறதா, ஒரே ஆள்தான் தூக்கிச் சுமக்கிறாரா, இதைப் பாருங்கள். ஒரே ஆள் என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் அந்த ஆளுக்கு உங்களால் முடிந்த உதவியைச் செய்யுங்கள், அவர் உழைப்பில்தான் உங்கள் ஆப் நிற்கிறது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு ஷீட் இருக்கிறது. சேவையின் பெயர், கணக்கு எந்த மின்னஞ்சலில் இருக்கிறது (எல்லாம் இப்போது அலுவலகப் பொது மின்னஞ்சல்), எந்தக் கார்டில் பணம் போகிறது, தகவலை எப்படி வெளியே எடுப்பது, ஷீட்டின் கடைசிக் கட்டத்தில், இந்தச் சேவை நின்றால் மாற்று யார் என்பது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தகவலை உண்மையிலேயே இறக்கி, திறந்து பார்க்கிறோம். ஓடிபி வரிசையில் அந்தக் கடைசிக் கட்டம் ரொம்ப நாள் காலியாக இருந்தது. 2021 மார்ச் 8-ம் தேதி நினைவிருக்கிறதா? பதிவு செய்யாத வாசகத்தோடு வருகிற வணிக எஸ்எம்எஸ்களைத் தடுக்கும் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி அன்றைக்கு நடைமுறைக்கு வந்ததும் நாடு முழுக்க ஓடிபிக்கள் தடைபட்டன, மறுநாளே ஒரு வாரத்துக்கு அதை நிறுத்திவைத்தார்கள். அந்தப் பதிவு, டிஎல்டி பதிவு என்பார்கள், அது எஸ்எம்எஸ் விற்கிறவர் பெயரில் இல்லாமல் கடைக்காரரின் சொந்தப் பெயரில் இருந்தால், அதே வாசகத்தை இன்னொரு எஸ்எம்எஸ் கம்பெனி வழியாகவும் அனுப்ப ஏற்பாடு செய்துகொள்ளலாம். போன வாரம்தான் பால்காரரை உட்கார வைத்து அவர் பெயரிலேயே பதிவை முடித்தோம், இரண்டாவது கம்பெனி வழியாக முதல் ஓடிபி அவர் போனுக்கே வந்தது. நேரம் கொடுத்ததற்கு நன்றி, வணக்கம்.