மரம் யார் கணக்கில் நிற்கிறது?

ஊர்ப் பெரியவர்களுக்கும் இளைஞர்களுக்கும் வணக்கம். ஏரிக்கரைப் புளியமரத்தில் ரம்பம் வைத்த பிறகு ஓடிப்போய் மறிக்கிறோமே, அதற்கு முன்னால் முடித்திருக்க வேண்டிய காகித வேலையைப் பற்றித்தான் இன்று பேச்சு.

முதலில் மரம் நிற்கும் இடத்தின் சர்வே எண்ணைப் பாருங்கள். சாலையோரம் என்றால் அது நெடுஞ்சாலைத் துறையின் சாலையா, ஊராட்சிச் சாலையா? ஏரி என்றால், அதன் ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், நூறு ஏக்கருக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் நீர்வளத் துறை. அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். மனுவை வேறு அலுவலகத்தில் கொடுத்தால் அது மேசை மேசையாய்ப் போய் வருவதற்குள் மரம் லாரி ஏறிவிடும். அரசு நிலத்து மரத்தை வெட்ட, ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவிடம் போகவேண்டும். புறம்போக்கு மரத்துக்கு 2சி பட்டா வைத்திருப்பவர் "என் மரம்" என்பார். அது பலனை அனுபவிக்கும் உரிமை மட்டுமே. நிலம் அவருடையது அல்ல. மகசூல் ஏலம் எடுத்தவரும் காய் உலுக்கலாம், கிளையை வெட்ட முடியாது.

சொந்தப் பட்டா நிலத்திலும் சில மரங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். சந்தனம் வனத்துறை வழியாகத்தான் விற்பனைக்குப் போகும். அறிவிக்கப்பட்ட மலைக் கிராமங்களில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தும் 1955-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு இருக்கிறது.

இனி மரக்கணக்கு. ஒரு நோட்டுப் போடுங்கள்: சர்வே எண், மரத்தின் பெயர், சுற்றளவு, படம். சுற்றளவைத் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் அளக்கவேண்டும். சரிவில் நின்றால் மேட்டுப் பக்கத்துத் தரையிலிருந்து அந்த நாலரை அடி. அதற்குக் கீழேயே கவை பிரிந்தால் ஒவ்வொன்றும் தனிக்கணக்கு. இந்தப் பட்டியலைக் கிராம சபைத் தீர்மானத்தோடு இணையுங்கள். "மரங்களைப் பாதுகாக்க வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதிய தீர்மானம் எந்த மரத்தையும் காப்பாற்றாது. ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு வைத்திருக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டிலும் ஏற்றுங்கள். சின்ன இடம்தானே என்று விட்டுவிடாதீர்கள். திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி கோயில்காடு 2025-இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமானது. ஐந்து ஹெக்டேர்கூட இல்லாத காடு அது.

நேராக வெட்டுகிறவன் ஏமாளி. விவரமானவன் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை உரிப்பான், வேரில் அமிலம் ஊற்றுவான், குப்பை கொளுத்துவான். இலையில் ஆகும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்கும். அது அறுந்தால் வேர் பட்டினி கிடந்து மரம் மெல்லச் சாகும். பிறகு "பட்டமரம், விழுந்தால் ஆபத்து" என்று முறைப்படி மனு வரும். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடிமரத்தைப் படமெடுத்து வையுங்கள்.

வெட்டியே விட்டால் காவல் நிலையத்தில் "மரம் அசையாச் சொத்து, திருட்டு ஆகாது" என்பார்கள். நிற்கும்வரை அது சரி. தரையிலிருந்து பிரிந்ததும் திருட்டுக்கு உரிய பொருளாகிவிடும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவின் விளக்கமே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே என்றால், நீதிமன்ற அனுமதி இல்லாமல் போலீஸ் நேரடியாக விசாரிக்க முடியாது. அதனால் புகாரில் சுற்றளவு, துண்டுகளின் எண்ணிக்கை, வண்டி எண், சந்தை விலை நாலும் இருக்கட்டும்.