ஒரே பெஞ்ச், இரண்டு உலகம்

நேயர்களுக்கு வணக்கம். மாயக்கதைகளில் வரும் இளம் நாயகர்களின் அன்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஓர் ஆம்லெட்.

பிலிப் புல்மன் எழுதிய ‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’ மூன்று பாக நாவல். முதல் பாகம் 1995இல் வந்தது, கடைசிப் பாகம் 2000இல். லைரா வேறோர் உலகத்து ஆக்ஸ்போர்டில், கல்லூரிக்குள்ளேயே வளர்ந்தவள். வில் நம் உலகத்துப் பையன். இருவருக்கும் 12 வயது இருக்கும். பெரியவர்களே இல்லாத மூன்றாவது உலகம் ஒன்றில், காபிக்கடை மாடியில் முட்டி மோதிக்கொள்கிறார்கள். அப்புறம் பசி. சமையல் என்பது வேலைக்காரர்களின் காரியம் என்றுதான் அவளுக்குத் தெரியும். மனநலம் குன்றிய அம்மாவைச் சின்ன வயதிலிருந்தே பார்த்துக்கொண்டவன் அவன். ஆம்லெட் போட்டுத் தருகிறான்.

லைராவிடம் உண்மை சொல்லும் கருவி ஒன்று இருக்கிறது. ‘இவன் நண்பனா, எதிரியா?’ என்று கேட்கிறாள். ‘கொலைகாரன்’ என்று பதில் வருகிறது. அவளுக்கோ அதைக் கேட்டதும் நிம்மதி! நம்பிக் கூடப் போகலாம் என்று முடிவு செய்துவிடுகிறாள். நம் வீட்டுப் பெண் இப்படி ஒரு சிநேகிதம் பிடித்து வந்தால் நாம் என்ன செய்வோம், சொல்லுங்கள். (அந்தக் கொலை கைதவறி நடந்தது என்பது வேறு விஷயம்.)

மூன்றாவது பாகத்தின் கடைசிவரை காதல் என்ற பேச்சே கிடையாது. வேலைதான். உலகங்களுக்கிடையே ஜன்னல் வெட்டும் கத்தி வில்லுக்குக் கிடைக்கிறது. அதற்கு விலை இரண்டு விரல்கள். தன்னால் செத்துப்போன நண்பனிடம் மன்னிப்புக் கேட்க இறந்தவர்களின் நாட்டுக்கே போகிறாள் லைரா. அங்கே போக, விலங்கு உருவில் கூடவே திரியும் தன் உயிரைக் கரையில் விட்டுவிட்டுப் படகேற வேண்டும். வில்லும் கூடப் போகிறான்.

கடைசியில் ஒருவரையொருவர் விரும்புவது தெரிந்த கையோடு, பிரிய வேண்டும் என்பதும் தெரிகிறது. வேறு உலகத்தில் தங்கினால் பத்து வருடத்துக்குள் உடல் நலிந்து சாவு. திறந்திருக்கும் ஜன்னல்களோ எல்லா உலகங்களையும் வற்றவைக்கின்றன. “ஒண்ணே ஒண்ணை மட்டும் விட்டுவச்சா என்ன சித்தி?” என்று என் அக்கா மகள் சண்டைக்கு வந்தாள். விடலாம், ஒன்றே ஒன்று. ஆனால் இறந்தவர்கள் அந்த இருட்டு நாட்டைவிட்டு வெளியேற ஒரு வழி வேண்டுமே. இருவரும் அந்த ஒன்றை அவர்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். முன்பு அம்மாவை நினைத்தபோது வில்லின் கையில் உடைந்து, பிறகு ஒட்டவைக்கப்பட்ட கத்தி அது. இப்போது லைராவை நினைத்து, வேண்டுமென்றே உடைக்கிறான்.

எனக்குப் பிடித்தது அதற்கு முன் அவர்கள் பேசிக்கொள்வது. பின்னால் வேறு யாரையாவது மணந்தால், அவர்களிடம் நல்லபடியாக இருக்க வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாது. வருடத்தில் ஒரே ஒரு நாள், கோடை நடுநாளன்று நண்பகலில், ஆக்ஸ்போர்டு தாவரவியல் தோட்டத்து பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். இவன் இந்த உலகத்தில், அவள் அந்த உலகத்தில்.

1621இல் தொடங்கிய அந்தத் தோட்டம் இன்றும் இருக்கிறது. வாசகர்கள் தேடிப் போகும் பெஞ்ச் ஒன்றும் அங்கே உண்டு. அதன் மரப்பலகையில் இருவர் பெயரையும் யார் யாரோ கீறி வைத்திருக்கிறார்கள்.