உப்புத் தண்ணிய காய்ச்சினா உப்பு போயிடுமா?

எல்லாருக்கும் வணக்கம்ங்க. அறிவியல ஜனங்ககிட்ட எடுத்துச் சொல்றவங்களுக்கு ட்ரெயினிங் குடுக்கற வேலைல நான் கொஞ்ச வருஷமா இருக்கேன், அதுல நான் பண்ணுன ஒரு தப்ப மொதல்ல சொல்லிடறேன்.

கெலமங்கலம் பக்கம் ஒரு ஊரு, குடிதண்ணி பத்தி பயிற்சி. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணில பல எடத்துல ஃப்ளோரைடு, அதாவது பாறைலேர்ந்து தண்ணில கரையற ஒரு வகை உப்பு, ஜாஸ்தி, அதுக்குன்னே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல வந்துச்சு, உங்களுக்கு தெரியாததில்ல. நான் ஸ்லைடு போட்டு தண்ணிய நல்லா காய்ச்சிக் குடிங்கன்னு பொதுவா சொல்லிட்டேன். கடைசி வரிசைல ஒரு அக்கா முந்தானையால வாய மறைச்சிக்கிட்டு பக்கத்துல இருந்தவங்ககிட்ட தெலுங்குல என்னமோ கேட்டாங்க, டீ குடிக்கறப்பத்தான் எனக்கு வெவரம் தெரிஞ்சுது. உப்புத் தண்ணிய காய்ச்சினா உப்பு போயிடுமான்னு கேட்டிருக்காங்க.

போகாதுங்க. காய்ச்சினா கிருமி சாகும், ஃப்ளோரைடு அப்படியேதான் இருக்கும், தண்ணி வத்த வத்த மிச்சம் இருக்கறதுல அதோட அளவு இன்னும் ஏறும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல வேணாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு எனக்கு மனப்பாடம், ஆனா கேக்க வேண்டிய கேள்விய கேட்டது அந்த அக்கா. வாய மறைச்சதும் பல்லு கறையாலதான். அது வெளக்காததால வந்த கறை இல்ல, சின்ன வயசுல பல்லு உள்ள உருவாகறப்பவே ஃப்ளோரைடு ஏறி எனாமல் கெட்டது, எவ்ளோ தேச்சாலும் போகாது. சுத்தமில்லாத பொண்ணுன்னு காலம் பூரா பேச்சு வாங்குனவங்க அவங்க. இத இன்னொரு அம்மாகிட்ட சொல்ல அவங்கள விட யாருக்கு தகுதி இருக்கு?

அப்புறமா நாங்க பயிற்சி நடத்துற வெதத்தையே மாத்துனோம். காலைல பால் ஊத்திட்டு வர்ற நேரத்துக்கப்புறம் ஆரம்பிச்சு கடைசி பஸ்ஸுக்கு முன்னாடி முடிக்கறது, அன்னைக்கு கூலி போகும்ல, அத குடுத்துடறது, கைக்கொழந்தைய பாத்துக்க ஒரு ஆளு, தெலுங்கு கன்னடம் எதுல வேணா பேசலாம். ஹால் மாடில இருந்தா வேணவே வேணாம், ஃப்ளோரைடு எலும்புல ஏறி முட்டி மடக்க முடியாதவங்கள படி ஏறி வந்து ஃப்ளோரைடு பத்தி கேளுங்கன்னு எப்படிங்க கூப்புடறது. இதெல்லாம் பெரிய புதுசும் இல்ல, 90கள்ல அறிவொளி இயக்கத்துல ஊர்ப் பொண்ணுங்கதான் லாந்தர் வெளிச்சத்துல எழுதப் படிக்க சொல்லிக் குடுத்தாங்க, நடுவுல நாமதான் பேப்பர்ல எழுதத் தெரிஞ்சவங்கள மட்டும் செலக்ட் பண்ண ஆரம்பிச்சிட்டோம்.

அந்த அக்காவ அடுத்த பயிற்சிக்கு சொல்லித்தர்றவங்களாவே கூப்புட்டோம். ஸ்லைடு கிடையாது, ஒரு சட்டில உப்புத் தண்ணி ஊத்தி அடுப்புல வச்சாங்க, தெலுங்கும் தமிழும் கலந்து பேசிக்கிட்டே இருந்தாங்க, முந்தானை தோள்ல கெடந்துச்சு. தண்ணி வத்துனதும் சட்டிய எறக்கி ஆற வச்சு எல்லார்கிட்டயும் நீட்டுனாங்க. அடில வெள்ளையா படிஞ்சிருந்தத ஆளாளுக்கு வெரல்ல தொட்டு நாக்குல வச்சுப் பாத்தாங்க.