குளத்துக்கு யாருங்க மேனேஜர்?

(பெருந்துறையில் சிறுதொழில் செய்கிறவர்களின் ஆண்டு விழாவில் பேசியது. செல்போனில் பதிவானதைக் கேட்டு நானே எழுதினேன். இருமலையும் மைக் ஊளையிட்டதையும் மட்டும் விட்டுவிட்டேன்.)

விழாத் தலைவர் அவர்களே, "அஞ்சு நிமிசம் பேசினாப் போதும் வாங்க" என்று கூட்டிவந்து இப்போது அரை மணி நேரம் கொடுத்திருக்கும் செயலாளர் மாப்பிள்ளை அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்து, அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் சொல்லி, நான் சொல்லிவிட்டதால் இப்போது தலையில் கை வைத்திருக்கும் மண்டபத்துக்காரர் அவர்களே, மேலாண்மை படிக்கிற பிள்ளைகளை ஒரு பஸ் நிறைய ஏற்றிக்கொண்டு வந்திருக்கும் பேராசிரியை அம்மா அவர்களே, முன் வரிசையில் இருக்கிற வங்கி மேலாளர் அவர்களே (இவரை விட்டுவிட்டால் அடுத்த வாரம் கடன் புதுப்பிக்கப் போகிற ஆறேழு பேர் என்னைச் சும்மா விடமாட்டார்கள்), உள்ளாட்சிப் பிரதிநிதிகளே, பெரியவர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கமுங்க.

இப்போது ஏழு பேருக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். மரியாதைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில் பீரோ நிறைய இருக்கிறது. இதில் மூன்று நான்கு துண்டின் காசைச் சேர்த்தால் ஒரு மம்பட்டி வாங்கலாம். சரி, மம்பட்டிக்கு அப்புறம் வருகிறேன். என்னைத் தெரிந்தவர்கள் இப்போதே சிரிக்கிறார்கள்.

"எல்லாத் தொழிலுக்கும் ஒரே நிர்வாக முறை ஒத்து வருமா?" என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. நான் இதையெல்லாம் காலேஜில் படித்தவன் இல்லை. ஸ்பின்னிங் மில்லில் 22 வருஷம் மெயின்டனன்ஸ், அப்புறம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் 9 வருஷம் புரொடக்‌ஷன். அதனால் மூன்றே விஷயம் சொல்கிறேன். ஒன்று, போய்ப் பார்ப்பது. இரண்டு, தப்பு வந்த இடத்திலேயே நிறுத்துவது. மூன்று, எழுதி வைத்துச் செய்வது.

எங்கள் அப்பாரு எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்வார். "உடையவன் பாரா வேலை ஒரு முழம் கட்டை." கட்டை என்றால் குட்டை. நான் சந்தையில் வேட்டி வாங்கி வந்தால் அவர் கையால் முழம் போட்டுப் பார்த்துவிட்டு இதைச் சொல்வார். பிற்பாடு மில்லில் மேஸ்திரி சொன்னார், கம்பெனியில் முதலாளி சொன்னார், கோட்டு போட்டுக்கொண்டு கன்சல்டன்ட் வந்து இங்கிலீஷில் சொன்னார். அவருக்கு மட்டும் நாள் கூலி எங்கள் ஷிப்ட் முழுக்கச் சேர்த்தாலும் வராது.

ஒரு தொழிலின் முறை இன்னொரு தொழிலுக்குப் போவது புதுசு இல்லை. அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி 1913ல் நகரும் வரிசையில் காரைப் பூட்ட ஆரம்பித்தது. அந்த யோசனைக்கு ஒரு வேர் சிகாகோ கசாப்புக் கூடம். அங்கே உரித்த உடல் கொக்கியில் தொங்கியபடி நகர்ந்து வரும், ஆளுக்கு ஒரு துண்டு அறுத்து எடுப்பார்கள். அதைத் திருப்பிப் போட்டு ஆளுக்கு ஒரு சாமான் பூட்டினால் கார். மதுரையில் டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு 1976ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவருக்கு வழி காட்டியது மெக்டொனால்ட்ஸ், ரொட்டிக் கடை! எந்தக் கிளையில் கேட்டாலும் ஒரே தரம், ஒரே வேகம், ஏன் கண்ணுக்கு முடியாது என்று கேட்டார். டாக்டர் ஒரு மேசையில் ஆபரேஷன் செய்துகொண்டிருக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவரைத் தயார் செய்து வைத்திருப்பார்கள். டாக்டர் திரும்பினால் போதும். கோயமுத்தூர் அவினாசி ரோட்டில் அவர்களுடைய கிளையில் கண் பார்த்துக்கொண்டவர்கள் இங்கேயே பாதிப்பேர் இருப்பீர்கள்.

சென்னிமலைக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். டொயோட்டா கார் கம்பெனியின் பூர்வீகம் தறி. சகிச்சி டொயோடா என்ற ஜப்பான்காரர், நூல் அறுந்தால் தானாக நின்றுவிடுகிற தறியைச் செய்தார். நூல் அறுந்தும் தறி ஓடினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, முழத்துக்கு முழம் சேதாரம். 1929ல் அந்தத் தறியின் உரிமையை இங்கிலாந்துக் கம்பெனிக்கு விற்றார்கள். கார் செய்ய இறங்கியபோது அந்தக் காசு கைகொடுத்தது, கூடவே "தப்பு வந்தால் நில்" என்கிற அந்தப் புத்தியும் கார் கம்பெனிக்குப் போனது.

இதைக் கேட்டதும் "அப்ப நாமளும் எடுத்துக்கலாம்" என்று தோன்றுமில்லையா? எனக்கும் தோன்றியது. அந்தக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

என் அக்கா மகளுக்குக் கல்யாணம். காங்கயம் பக்கம் மண்டபம். நான் அப்போதுதான் கோயமுத்தூரில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்ச் சர்டிபிகேட்டோடு திரும்பியிருந்தேன். கண்ணில் பட்டதையெல்லாம் சீர்திருத்த வேண்டும் என்று கை அரித்தது. "மாமா, பந்தியை எங்கிட்ட உட்டுடுங்க" என்றேன். அவரும் பாவம், சரி என்றுவிட்டார். 240 பேர் உட்காருகிற கூடம். நான் நாலு கலரில் சீட்டு அச்சடித்தேன். பச்சை முதல் பந்தி, மஞ்சள் இரண்டாவது, ரோஸ் மூன்றாவது, நீலம் நாலாவது. சந்தனம் கொடுக்கிற இடத்திலேயே சீட்டும் கொடுத்தாயிற்று. வாசலில் காலேஜ் பையன்கள் இரண்டு பேர். எனக்கு அப்படியொரு பெருமை.

பச்சைச் சீட்டு வாங்கினவர்கள் மொய் எழுதுகிற வரிசையில் நிற்கிறார்கள், போட்டோவுக்கு மேடையில் நிற்கிறார்கள். உள்ளே இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாயிற்று, நாற்பது இலை காலி. வெளியே பசியோடு கூட்டம், கையில் மஞ்சள் சீட்டு. வீட்டுக்காரருக்கு ஒரு கலர், வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு கலர். குழந்தைகள் சீட்டை மாற்றி விளையாடிக்கொண்டிருக்கின்றன. அந்த நேரம் பார்த்து எங்கள் பெரியப்பன் தடியை ஊன்றிக்கொண்டு வருகிறார், எண்பது வயசு. பையன் மரியாதையாகத்தான் சொன்னான், "தாத்தா, உங்க கலரு இன்னும் வரலீங்க." அவ்வளவுதான். "சோத்துக்குச் சீட்டாடா? நான் என்ன ரேசன் கடைக்கா வந்திருக்கறேன்?" என்று தடியைத் திருப்பினார். அவர் திரும்பினால் பங்காளிகள் நிற்பார்களா? ஒரு வேன் ஆட்கள் எழுந்துவிட்டார்கள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடுங்கள்.

சமையல்காரர் பவானிக்காரர், தலையில் துண்டு கட்டியிருந்தார். வெளியே வந்து பார்த்தார். "ஏனுங்க, அந்தப் பசங்களப் பாயசம் ஊத்த அனுப்புங்க, கதவைத் தொறந்து உடுங்க" என்றார். ஒரு குண்டானைக் கவிழ்த்துப் போட்டு உள்கதவோரம் உட்கார்ந்தார். காலடியில் வாழையிலைக் கட்டுகள், கட்டுக்கு நூறு இலை. கூட்டத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒரு கட்டை அவிழ்த்தால் உள்ளே பார்த்து "வை" என்பார், ஒரு உலை ஏறும். அடுத்தடுத்து இரண்டு கட்டு அவிழ்ந்தால் "ரெண்டு வை". கட்டு அப்படியே கிடந்தால் "பொறு". தன் மகனைக் கடைசி இலைக்கு எதிரே நிறுத்தியிருந்தார். பரிமாறுகிறவர்கள் முதல் இலையிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள், அப்பளம் தீர்ந்து போவது எப்போதும் கடைசி இலையில்தான். ராத்திரி பதினொரு மணிக்கு மிச்சம் ஒரே ஒரு அன்னக்கூடை சாதம். எப்படிங்க என்று கேட்டேன். "வர்றேம்பாங்க, வரமாட்டாங்க. அவிழ்த்த கட்டு அவிழ்த்ததுதானுங்க" என்றார்.

பெரியப்பனைக் கையைக் காலைப் பிடித்துக் கூட்டிவந்து சாப்பிட வைத்தேன். சாகிற வரைக்கும் என்னை "சீட்டுக்காரன்" என்றுதான் கூப்பிட்டார்.

டொயோட்டாவில் ஓனோ என்று ஒருவர். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் அலமாரியிலிருந்து எடுத்த அளவுக்குத்தான் திரும்ப அடுக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு அதைக் கார் கம்பெனிக்குக் கொண்டுவந்தவர். 1956ல் அமெரிக்கா போய் நேரிலும் பார்த்தார். முன்னால் வேலை செய்கிறவன் சாமான் எடுத்தால் ஒரு அட்டை பின்னால் போகும், அட்டை வந்தால்தான் பின்னால் இருக்கிறவன் அடுத்தது செய்வான். அதற்குக் கான்பன் என்று பெயர். பவானிக்காரருக்கு அட்டைக்குப் பதில் இலைக்கட்டு. நானும் சீட்டுதான் அடித்தேன், ஆனால் பந்தி எப்படி நடக்கிறது என்று ஒரு தடவைகூட நின்று பார்க்காமல் அடித்தேன். அந்த ஓனோ தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, இஞ்சினியரை அதற்குள் நிறுத்தி, மணிக்கணக்கில் வெறுமனே பார் என்பாராம். உடையவன் பாரா வேலை ஒரு முழம் கட்டை. அப்பாருவுக்கு ஜப்பான் பாஷை தெரியாது.

இரண்டாவது விஷயம், தப்பு வந்தால் நிறுத்துவது. தறி தானாக நிற்கிறது, சரி. நம் திருப்பூரில் என்ன நடந்தது? சாயத் தண்ணீர் நொய்யலில் வருஷக்கணக்காகப் போனது. ஒரத்துப்பாளையம் அணை எவ்வளவு தூரம்? சென்னிமலையைத் தாண்டினால் வந்துவிடும். பாசனத்துக்குக் கட்டிய அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது, கீழே இருக்கிற கிணறு கெட்டது, தென்னை கெட்டது. நூல் அறுந்துவிட்டது எல்லோருக்கும் தெரியும். தறி ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம்தான் சாயப் பட்டறைகளை மூடச் சொல்லித் தறியை நிறுத்தியது. நான் யாரையும் தனியாகக் குறை சொல்லவில்லை, அன்றைக்கு அந்த ஊரில்தான் நானும் சம்பளம் வாங்கினேன். முதலாளி தினமும் செக்கிங் டேபிளில் நின்று டேமேஜ் பீஸை விரலால் தடவிப் பார்ப்பார். கழிவு போகிற குழாய்ப் பக்கம் அவரும் போனதில்லை, நானும் போனதில்லை. இப்போது ஒரு சொட்டு வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்று ஆகியிருக்கிறது. அந்தச் செலவை முதலிலேயே போட்டிருந்தால் எவ்வளவோ மிச்சம்.

தண்ணீர்ப் பேச்சு வந்துவிட்டது, இனி என்னை நிறுத்த முடியாது.

எங்கள் ஊர்க் குளத்துக்கு யார் மேனேஜர்? விளையாட்டுக்குக் கேட்கவில்லை. தண்ணீர் வருகிற வாரியை அடைத்துவிட்டார்கள் என்று ஒரு அலுவலகத்துக்குப் போனேன், அவர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். அங்கே போனால் மூன்றாவது, மூன்றாவதில் கேட்டால் முதலாவது. எல்லோரும் தங்கமான மனுசர்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். உடையவன்தான் யாரும் இல்லை.

அறுபது வருஷத்துக்கு மேல் கேட்டுக் கேட்டு, 2024 ஆகஸ்ட் 17ல் அத்திக்கடவு-அவினாசித் திட்டம் ஓட ஆரம்பித்தது. 1,900 கோடிக்கு மேல் செலவு. பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரித் தண்ணீரை எடுத்து, ஆறு இடத்தில் மோட்டார் வைத்து ஏற்றி, 1,045 குளம் குட்டைக்கு அனுப்புகிறார்கள். அதில் ஒரு மோட்டார் இங்கே பக்கத்தில் திருவாச்சியில்தான் ஓடுகிறது. இதற்காக நடந்தவர்கள், உண்ணாவிரதம் இருந்தவர்கள் எல்லோருக்கும் கும்பிடு போட வேண்டும். ஆனால் குழாயில் வருவது ஆற்றின் உபரி, ஆற்றில் இல்லையென்றால் இல்லை. வானத்திலிருந்து வருகிற தண்ணீருக்கு வழி? எங்கள் வாரி ரோட்டுக்கு அடியில் இரண்டு சிமென்ட் குழாய் வழியாகப் போகிறது. ஒன்று ரொம்ப நாளாக அடைப்பு. மூன்று ஞாயிற்றுக்கிழமை தோண்டினோம். பனியன் வேஸ்ட் மூட்டை வந்தது, இளநீர்க் கூடு வந்தது, பாதி மக்கின ஒரு மெத்தை வந்தது. மெத்தையை இழுக்க ஐந்து பேர். அடுத்த மழைக்கு அந்தக் குழாயில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனதைப் பார்க்க ஊரே குடை பிடித்துக்கொண்டு வந்தது.

மில்லில் ரிங் ஃப்ரேம், அதாவது நூல் நூற்கிற மிஷின், பக்கத்தில் ஒரு அட்டை தொங்கும். எந்தத் தேதியில் எண்ணெய் விட்டது, எந்தத் தேதியில் டேப் மாற்றியது, அடுத்தது எப்போது, யார் கையெழுத்து. மிஷின் நல்லா ஓடும்போதே செய்கிற பராமரிப்பு அது. 1,045 குளத்துக்கும் அந்த அட்டை வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. வாரி எப்போது பார்த்தது, மதகு எப்போது பார்த்தது, சீமைக்கருவேலம் எப்போது வெட்டியது, அடுத்து வந்து சுத்தம் செய்ய எந்தக் கம்பெனியின் முறை. பாலத்துச் சுவரிலேயே பெயின்டில் எழுதிவிடலாம், ரோட்டில் போகிறவர் எல்லாம் படிப்பார்கள். ஆடி பிறக்கிறதுக்குள் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை.

"அடுத்தவன் குளத்துக்கு எங்க கம்பெனி எதுக்குங்க?" என்று ஒருத்தர் போன கூட்டத்தில் கேட்டார். கேள்வி நியாயம்தான். காலிங்கராயன் 13ம் நூற்றாண்டில் பவானியிலிருந்து நொய்யல் வரைக்கும் வாய்க்கால் வெட்டினார். பாம்பு போன வழியில் வெட்டினார் என்று கதை சொல்வார்கள், அப்படி வளைந்து வளைந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர் போகிறது. இன்னொன்றும் சொல்வார்கள். தனக்காக வெட்டிக்கொண்டான் என்று யாரும் பேசிவிடக் கூடாது என்று, இந்தத் தண்ணீரைத் தானும் தன் வம்சமும் தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டாராம். கதையோ நிஜமோ, ஒரு சொட்டு எடுத்துக்கொள்ளாத உடையவன். இன்றைக்கும் அதில் மஞ்சளும் நெல்லும் விளைகிறது.

மூன்றாவது, எழுதி வைத்துச் செய்வது. 1935ல் அமெரிக்காவில் ஒரு புது போயிங் விமானம், நிற்கும்போது வால் பக்கத் தகடுகள் காற்றில் ஆடாமல் போடுகிற பூட்டை எடுக்க மறந்து ஏறி விழுந்தது. அதிலிருந்து பைலட்டுக்கு வந்த சரிபார்ப்புப் பட்டியல் 2008ல் உலக சுகாதார நிறுவனம் மூலமாக ஆபரேஷன் தியேட்டருக்கு எப்படிப் போனது என்று சொல்லலாம் என்றிருந்தேன். நல்ல கதை. மாப்பிள்ளை கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். பேராசிரியை அம்மா வகுப்பில் சொல்லிவிடுவார்.

முன் வரிசையிலிருந்து ஒரு நோட்டு வருகிறது. கம்பெனி பெயரும் எந்த ஞாயிறு என்பதும் மட்டும் எழுதினால் போதும். வங்கி மேலாளர் முதல் பக்கத்தில் எழுதிவிட்டார், மற்றவர்கள் அப்புறம் யோசிக்கலாம். கையில் மம்பட்டி பதினொன்று, அரிவாள் நாலு, காரச்சட்டி ஆறு இருக்கிறது. காலை ஆறு மணி, பாலத்துக்கிட்ட. செருப்பு போட்டு வராதீர்கள், ஷூ போட்டு வாருங்கள், கருவேல முள் இருக்கிறது. டீயும் வடையும் மண்டபத்துக்காரர் செலவு. இதையும் சொல்லக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்.