மோரிஸ் மைனர் வயரிங்: முதல்ல பிளஸ்ஸைக் கழட்டுங்க!

[திரையில்: பேட்டரி முனை, பக்கத்தில் ஸ்பேனர்]

பேட்டரி கழட்டணும்னா மைனஸை முதல்ல கழட்டு. எந்த ஒர்க்‌ஷாப்புல கேட்டாலும் இதைத்தான் சொல்வாங்க. மோரிஸ் மைனர்ங்கிற பழைய பிரிட்டிஷ் காடியில அப்படிச் செஞ்சு ஸ்பேனர் பாடியில பட்டுச்சு, பொறி பறக்கும். ஸ்பேனர் அங்கேயே ஒட்டிக்கிட்டாலும் ஒட்டிக்கும். ஏன்னா இந்தக் காடியில பாடியோட சேர்ந்திருக்கிறது பிளஸ். பாடியோட சேர்ந்த முனைக்குத்தான் எர்த்னு பேர். எர்த் எதுவோ அதை முதல்ல கழட்டணும், திரும்ப மாட்டும்போது அதைக் கடைசியா மாட்டணும். இங்க எர்த் பிளஸ். அவ்வளவுதான் கணக்கு.

வணக்கம் மக்களே! சுங்கை சிப்புட், பீடோர், லூனாஸ் பக்கம் யார் வீட்டுப் பின்னாடியாவது, தகரக் கொட்டாய்க்குள்ள ஒரு மோரிஸ் தூங்கிக்கிட்டு இருக்கா? இந்த வீடியோ உங்களுக்குத்தான். ஒரே ஒரு பல்பை வச்சு புது வயரிங்கை எரிக்காம சோதிக்கிற வித்தை கடைசியில வருது. நேரா அங்க தாவிடாதீங்க லா, நடுவுல சொல்றதை விட்டா அந்தப் பல்பு உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

வரலாறு ஒரே மூச்சுல: 1948-ல வந்துச்சு, 1971-ல நின்னுச்சு, 10 லட்சத்தைத் தாண்டின முதல் பிரிட்டிஷ் மாடல், 1961-ல கை தூக்கிக் காட்டுற சிக்னல் போய் மினுக் மினுக்குன்னு எரியுற சிக்னல் விளக்கு வந்துச்சு. போதும்.

[காட்சி: பழைய வயரை இரண்டு விரலால் மடிக்க, உறை பொடியாக உதிர்கிறது]

இப்ப இதைக் கிட்டத்துல பாருங்க. வெளிய பருத்தி நூல் பின்னல். அதுக்குள்ள கறுப்பா ஒரு உறை. லேசா மடிச்சா போதும், வறுத்த அப்பளம் மாதிரி நொறுங்குது. அந்தக் கறுப்பு உறை என்ன தெரியுமா? ரப்பர். கித்தா. நம்ம ஆளுங்க விடியக்காலையில நெத்தி விளக்கோட போய்ச் சீவின அதே பால்மரத்துச் சமாச்சாரம்!

எந்த மரத்துப் பால் இந்த வயருக்குப் போச்சுன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா உலகத்துக்கு ரப்பர் கொடுத்த நாடுகள்ல மலாயா முதல் வரிசை. இங்க பாலாக் கிளம்பி, ஷீட்டா காய்ஞ்சு, கப்பலேறி இங்கிலாந்து போய், வயர் உறையா, டயரா, என்ஜின் மவுண்டிங்கா, அந்தக் காலத்து பேட்டரியோட கறுப்புப் பெட்டியாக்கூட மாறி, காடியோட சேர்ந்து திரும்பி வந்திருக்கு. சுங்கை சிப்புட்டுல இருந்து கோலகங்சார் போனா, மாவட்ட அலுவலகத்துப் பக்கத்துல 1877-ல நட்டதுன்னு ஒரு ரப்பர் மரத்தை இன்னைக்கும் வேலி போட்டு வச்சிருக்காங்க. மோரிஸ் வச்சிருக்கிறவங்க ஒரு தடவை அங்க போய் அதுகிட்ட நியாயம் கேட்டுட்டு வரலாம்.

ரப்பர் ஏன் நொறுங்குது? பாலை அப்படியே காயவச்சா வெயில்ல இளகும், குளிர்ல இறுகும். 1839-ல குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்குற முறையைக் கண்டுபிடிச்சாரு, அதுக்கப்புறம்தான் ரப்பர் உருப்படியாச்சு. ஆனா காத்துல இருக்கிற ஆக்சிஜனும் ஓசோனும் அதை வருஷக்கணக்கா கடிச்சுக்கிட்டே இருக்கும். என்ஜின் சூடு அந்த வேலையை வேகமாக்கும். எண்ணெய் பட்டா இயற்கை ரப்பர் ஊறி உப்பிடும். தே ஓ பொங்குஸ் கட்டின ரப்பர் பேண்டை ஜன்னல் கம்பியில மாட்டி மறந்துட்டு, ஆறு மாசம் கழிச்சு இழுத்திருக்கீங்களா? டப்புன்னு அறுந்து பாதி கம்பியிலேயே ஒட்டிக்கிட்டு இருக்கும். உங்க டேஷ்போர்டுக்குப் பின்னாடி அதே ரப்பர் அறுபது வருஷமா தொங்குது.

இன்னொரு வில்லங்கம். உறைக்குள்ள இருக்கிற கந்தகம் செம்பைக் கறுப்பாக்கும். அதனாலதான் பழைய வயரைச் சீவினா உள்ள வெள்ளி மாதிரி மின்னும், அது வெள்ளீயப் பூச்சு. பூச்சு போன இடத்துல செம்பு கறுத்துப் போயிருக்கும், சால்டர் ஒட்டவே ஒட்டாது. மேல இருக்கிற பருத்திப் பின்னல் மழைத் தண்ணிய உறிஞ்சி உள்ளேயே வச்சுக்கும். அதனால “கெட்ட இடத்தை மட்டும் வெட்டி ஒட்டு போடு” அப்படின்னு யாராவது சொன்னா கும்பிட்டு அனுப்பிடுங்க. ஒட்டு போட நல்ல செம்பே உள்ள இருக்காது. முழுசாத்தான் மாத்தணும். பின்னாடி வந்த காடிகள்ல பி.வி.சி. உறை இருக்கும், அதுல வயர் தப்பிச்சிருக்கலாம். அங்க ஜாயிண்டை மட்டும் பார்த்தா போதும்.

இந்தக் காடிக்கு எலெக்ட்ரிக் சாமான் செஞ்ச லூக்கஸ் கம்பெனிய வெள்ளைக்காரனே கிண்டல் பண்ணுவான். பாதிப் பழி நம்ம மரத்தோடதுன்னு அவனுக்குத் தெரியல!

[காட்சி: செம்பனைத் தோட்டம், மரத்தில் ஆந்தைக் கூண்டு]

கித்தா போய் செம்பனை வந்ததும் இன்னொரு எதிரி சேர்ந்துச்சு. எலி. எலிய அடக்கத் தோட்டத்துல ஆந்தைக்குக் கூண்டு கட்டி வைக்கிறாங்க. உங்க கொட்டாய்க்கு ஆந்தை வராது, அதனால வயர் கட்டைப் பிரிக்கும்போது பல் பட்ட இடம் இருக்கான்னு பாருங்க.

சரி, வேலைக்கு வருவோம். கழட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு முனைக்கும் துண்டுச் சீட்டு. போனுல படம் எடுத்தா மட்டும் பத்தாது, ஏன்னா படத்துல எல்லா வயரும் ஒரே மண் கலர்ல இருக்கும். பின்னல் வெளுத்துப் போயிருக்கும். ஒரு வழி இருக்கு: கிளிப்புக்கு அடியில, டேப் சுத்தின இடத்துல வெயிலும் அழுக்கும் படாது. அங்க பிரிச்சுப் பாருங்க, நிறம் அப்படியே இருக்கும்.

லூக்கஸ் நிறக் கணக்கு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. பழுப்பு, பேட்டரியில இருந்து நேரா வர்றது, ஃபியூஸே கிடையாது. இதுகிட்ட மரியாதையா இருங்க. வெள்ளை, சாவி திருப்பினா வர்றது. அது ஃபியூஸைத் தாண்டினா பச்சை. ஊதா, ஃபியூஸ் தாண்டி எப்பவும் உயிரோட இருக்கும், ஹாரன் அங்கதான். நீலம் ஹெட்லைட்: நீலம்-வெள்ளை ஹை பீம், நீலம்-சிவப்பு டிப். சிவப்பு சின்ன லைட்டும் வால் லைட்டும். பச்சை-சிவப்பு இடது சிக்னல், பச்சை-வெள்ளை வலது, பச்சை-ஊதா பிரேக். கறுப்பு எர்த். இங்க கறுப்பு போய்ச் சேர்ற இடம் பிளஸ், மறந்துடாதீங்க.

பழைய வயர் கட்டை வெளிய இழுக்கும்போது வால் முனையில ஒரு நைலான் கயிறு கட்டி இழுங்க. வயர் வெளிய வரும், கயிறு உள்ள நிக்கும், அதே கயிறுல புதுசைக் கட்டி உள்ள இழுத்துக்கலாம். பழசைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஒரு பிளைவுட் பலகையில அதை விரிச்சு, கிளை பிரியுற இடத்துல எல்லாம் ஆணி அடிச்சா, புதுக் கட்டுக்கு அதுதான் அச்சு. ஒவ்வொரு முனையிலயும் 15 செ.மீ. கூட விடுங்க. வெட்டிக் குறைக்கலாம், நீட்ட முடியாது.

வயர் அளவு: சின்ன லைட், மீட்டர், சிக்னலுக்கு 1 சதுர மி.மீ. ஹெட்லைட்டுக்கு 2. பேட்டரியில இருந்து வர்ற முக்கியப் பழுப்பு வயருக்கு டைனமோவுக்கு ஏத்த மாதிரி 4.5 இல்ல 6. வீட்டு வயரிங்ல போடுற ஒத்தைக் கம்பி வயரைக் கொண்டு வந்துடாதீங்க, அதிர்வுல உடைஞ்சிடும். பல இழை சேர்ந்த காடி வயர்தான் வேணும்.

சுத்துறதுக்கு கறுப்பு பிளாஸ்டிக் டேப் வேண்டாம். நம்ம ஊர் வெயில்ல அந்தப் பசை ஒரே வருஷத்துல உருகி, தொட்டா கையில ஜாம் மாதிரி ஒட்டும். வயர் கட்டுக்குன்னே விக்கிற துணி டேப் வாங்குங்க.

முனையில புல்லட் கனெக்டர். ரேட்செட் கிரிம்பர்ல அமுக்கிட்டு கையால பலமா இழுங்க. வந்தா வரட்டும், சடக்குல வர்றதுக்கு இங்க வர்றது நல்லது. சால்டர் பண்ணா ஈயம் உறைக்குள்ள ஓட விடாதீங்க. ஓடின இடம் கம்பி மாதிரி விறைச்சு, அந்த ஓரத்துலதான் பின்னாடி ஒடியும். ஆசிட் ஃபிளக்ஸ் கூடவே கூடாது. புல்லட் போற பழைய ஸ்லீவ்களையும் மாத்திடுங்க. அதுவும் ரப்பர்தான், வேற என்ன!

[காட்சி: மீட்டரில் 10.8 வோல்ட்]

இப்ப ஒரு எண். 12 வோல்ட் கிளம்பி பல்புல 10.8 வந்து சேருதுன்னு வைங்க. 10 சதவீதம்தானே போச்சு? வெளிச்சத்துல ஏறக்குறைய 30 சதவீதம் போச்சு! சாதாரண இழை பல்புல வோல்ட் கொஞ்சம் இறங்கினா வெளிச்சம் சறுக்குமரம் மாதிரி இறங்கும். மோரிஸ்ல டிப் சுவிட்ச் கால்கிட்ட தரையில இருக்கு. மழைக்காலத்துல செருப்புச் சேறு முழுக்க அதுமேலதான். ரெண்டு 60 வாட் பல்புன்னா 10 ஆம்பியர், அவ்வளவும் அந்த துரு பிடிச்ச சுவிட்ச் வழியாப் போகுது. ஆக விளக்கு மங்கலா இருக்குன்னு பல்பை மாத்துறது, குழாய் அடைச்சிருக்கும்போது வாளியை மாத்துற மாதிரி.

ரெண்டு ரிலே போடுங்க, ஹை பீமுக்கு ஒண்ணு, டிப்புக்கு ஒண்ணு. ரிலேன்னா சின்ன கரண்டை வச்சு பெரிய கரண்டைத் திறந்து மூடுற சுவிட்ச். பழைய நீலம்-வெள்ளை வயர் பல்புக்குப் போகாம ரிலேல 86-ன்னு எண் போட்ட முனைக்குப் போகட்டும். 85 எர்த். 30-க்கு பேட்டரி பக்கத்துல இருந்து 3 சதுர மி.மீ. வயர், நடுவுல ஃபியூஸ். 87-ல இருந்து விளக்குக்கு. வாங்கும்போது உள்ள டயோடு, அதாவது கரண்டை ஒரு பக்கமா மட்டும் விடுற பாகம், இல்லாத ரிலேயாப் பார்த்து வாங்குங்க. டயோடு இருக்கிறதை பிளஸ் எர்த் காடியில இந்த மாதிரி மாட்டினா அது நேரா ஷார்ட். எல்.இ.டி. பல்பும் அப்படித்தான், பாடி பிளஸ்ஸா இருந்தா சாதாரண எல்.இ.டி. எரியாது, சிலது ஃபியூஸையும் கூட்டிக்கிட்டுப் போயிடும்.

ஃபியூஸ்னு சொன்னதும் ஞாபகம் வருது. பழைய லூக்கஸ் கண்ணாடி ஃபியூஸ்ல 35-ன்னு போட்டிருக்கும். 35 ஆம்பியர்ல அது அறுந்துடும், தொடர்ந்து தாங்குறது 17 மட்டும்தான். இப்ப கடையில கிடைக்கிற 35 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் தொடர்ந்தே கிட்டத்தட்ட அவ்வளவு தாங்கும். எண்ணைப் பார்த்து அதை மாட்டினீங்கன்னா ஃபியூஸுக்கு முன்னாடி வயர் எரியும். 15 போடுங்க, அதிகபட்சம் 20.

எர்த். சலிப்பான விஷயம், ஆனா புதுசா வயர் மாத்தின காடியில வர்ற கோளாறுல நிறைய இங்கதான். பெயிண்ட் போட்ட இடத்துல கறுப்பு வயரை முடுக்கினா என்ன பிரயோஜனம்? தகரம் பளபளன்னு தெரியுற வரைக்கும் தேய்ங்க, பல் வாஷர் போட்டு முடுக்குங்க, அதுக்கப்புறம் மேல வாஸ்லின் பூசுங்க.

என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு தடிச்ச எர்த் பட்டை இருக்கும். ஏன் அது வேணும்? என்ஜின் உட்கார்ந்திருக்கிறது ரப்பர் மவுண்டிங் மேல. ரப்பர்ல கரண்ட் போகாது. பட்டை அறுந்துட்டா ஸ்டார்ட்டருக்குப் போற நூத்துக்கணக்கான ஆம்பியர் வேற பாதை தேடும். கிடைக்கிற பாதை, சோக் கேபிள்! ஸ்டார்ட் பண்றப்ப சோக் பிடி சூடாச்சுன்னா, உறையில புகை வந்துச்சுன்னா, கார்புரேட்டரைத் திட்டாதீங்க. கீழ குனிஞ்சு பட்டையைப் பாருங்க.

பிளக்குக்குப் பொறி கொடுக்கிற இக்னிஷன் காயில், அதோட திசையும் கவனிங்க. பிளஸ் எர்த்துல காயிலோட பிளஸ், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகணும். மாத்தி மாட்டினாலும் காடி ஓடும், பொறி மட்டும் பலவீனமா இருக்கும்.

[காட்சி: பேட்டரி, எர்த் கேபிள், நடுவில் 21 வாட் பல்பு]

இதோ அந்த பல்பு வித்தை. வேலை முடிஞ்சதும் பேட்டரியை நேரா மாட்டாதீங்க. பேட்டரியோட பிளஸ் முனைக்கும் எர்த் கேபிளுக்கும் நடுவுல ஒரு 12 வோல்ட் 21 வாட் பிரேக் லைட் பல்பை இணைங்க. எவ்வளவு பெரிய ஷார்ட்டா இருந்தாலும் 2 ஆம்பியருக்கு மேல போகாது, பல்பு எரியும், வயர் எரியாது. எல்லா சுவிட்சும் அணைச்சிருக்கும்போது பல்பு இருட்டா இருக்கணும். பளிச்சுன்னு எரிஞ்சா எங்கயோ ஷார்ட், ஒவ்வொரு கனெக்டரா பிரிச்சுக்கிட்டே வாங்க, எதைப் பிரிச்சதும் அணையுதோ அந்தக் கிளைதான் குற்றவாளி. சின்ன லைட்டைப் போட்டா ரெண்டும் மங்கலா எரியும், சரிதான். ஹெட்லைட்டைப் போட்டா சோதனை பல்பு முழுசா எரியும், ஹெட்லைட் எரியாது. அது ஷார்ட் இல்ல, பயந்து எல்லாத்தையும் பிரிச்சுடாதீங்க. ஸ்டார்ட்டரை மட்டும் இப்ப தொடக்கூடாது.

எல்லாம் சரின்னா பல்பை எடுத்துட்டு பிளஸ்ஸை மாட்டுங்க. ஹெட்லைட் எரியும்போது மீட்டரோட ஒரு முனையை பேட்டரி பிளஸ்லயும், இன்னொண்ணை விளக்கோட கறுப்பு வயர்லயும் வச்சுப் பாருங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த்தை மறுபடி தேய்க்கணும்.

புது வயர் போட்டாச்சேன்னு ஏர்கோன் மாட்டலாமான்னு கேட்டு கமெண்ட் வரும், தெரியும். சி40 டைனமோ கொடுக்கிறதே அதிகபட்சம் 22 ஆம்பியர். ஹெட்லைட்டுக்கு மட்டும் 10 போயிடும். கண்ணாடிய இறக்கி விடுங்க லா. உங்க மோரிஸ்ல ரப்பர் வயரா, பி.வி.சி.யா? டேஷ்போர்டுக்குப் பின்னாடி எட்டிப் பார்த்துட்டு கீழ எழுதுங்க.